சதாசிவம் கொலை வழக்கு

சதாசிவம் கொலை வழக்கு என்பது இலங்கையின் புகழ்பெற்ற துடுப்பாட்டக்காரரான மகாதேவ சதாசிவத்தின் மனைவி 1951 அக்டோபர் 9 அன்று கொழும்பில் கொலை செய்யப்பட்டது தொடர்பாக நடைபெற்ற குற்றவியல் வழக்கு ஆகும். 57 நாட்கள் நீடித்த விசாரணையின் முடிவில், 1953 சூன் 25 அன்று சதாசிவம் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு விடுதலையானார். இறப்பு நேரத்தைக் கணிப்பதில் சட்ட மருத்துவத்தின் பயனையும் அதன் எல்லைகளையும் எடுத்துக்காட்டும் வழக்காக இது கருதப்படுகிறது.

பின்னணி

சதாசிவம் (1915–1977) 1940களில் இலங்கை அணியின் தலைவராக விளங்கியவர். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தார். கொலை நடந்த காலத்தில் அவரது மனைவி மணமுறிவு கோரி வழக்குத் தொடர்ந்திருந்தார்.

பம்பலப்பிட்டியில் உள்ள செயின்ட் ஆல்பன்சு பிளேசு என்னும் ஒழுங்கையிலிருந்த வீட்டின் வண்டிக் கொட்டகையில் அவரது உடல் கண்டெடுக்கப்பட்டது. கழுத்தின் மேல் ஒரு மர உரல் வைக்கப்பட்டிருந்தது. கையால் கழுத்து நெரிக்கப்பட்டதே இறப்புக்குக் காரணம் என மருத்துவ ஆய்வில் தெரியவந்தது. சதாசிவம் அன்று காலை 10.30 மணியளவில் வாடகை வண்டியில் வீட்டை விட்டுச் சென்றிருந்தார். வீட்டு வேலையாளான வில்லியமும் அன்றே வீட்டிலிருந்து மறைந்துவிட்டார். பின்னர் பிடிபட்ட அவர், சதாசிவமே கொலை செய்தார் என்றும், தான் அதற்கு உதவியதாகவும் கூறினார். நிபந்தனையுடன் மன்னிப்பு அளிக்கப்பட்டு, அவர் அரச தரப்புச் சாட்சியானார்.

எனவே வழக்கின் முடிவு பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சார்ந்திருந்தது. சதாசிவம் வீட்டை விட்டுச் செல்லும் முன்பே அவர் மனைவி இறந்துவிட்டாரா என்பதே அது.

வல்லுநர்கள்

கொழும்பில் சட்ட மருத்துவப் பேராசிரியராக இருந்த ஜி. எசு. டபிள்யூ. டி சேரம் உடலை ஆய்வு செய்தார். எதிரியின் சார்பில் சாட்சியமளிக்க எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சர் சிட்னி சிமித் இலங்கைக்கு வந்தார். சிமித் 1917 முதல் எகிப்திய அரசின் சட்ட மருத்துவ வல்லுநராகப் பணியாற்றியவர். 1924இல் கெய்ரோவில் சர் லீ இசுட்டாக் கொல்லப்பட்ட வழக்கில் குண்டுகளை ஒப்பிட்டு ஆராய்ந்ததால் பரவலாக அறியப்பட்டார். 1928இல் அந்த அரசுப் பணியை விட்டு எடின்பரோவில் பேராசிரியரான அவர், 1953இல் ஓய்வு பெற்றார். எகிப்தை விட்டுக் கால் நூற்றாண்டு கழிந்த பின்னர், வேறொரு வெப்ப நாட்டின் கொலை வழக்கில் அவர் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

எதிரிக்காக வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். நீதிபதி ஈ. எவ். என். கிரேசியன் யூரர் முன்னிலையில் வழக்கை விசாரித்தார்.

இறப்பு நேரக் கணிப்பு

உயிருள்ள மனிதரின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியசு ஆகும். இறந்த பின் உடல் படிப்படியாகக் குளிர்ந்து, சுற்றுப்புறத்தின் வெப்பநிலையை அடைகிறது. குளிரும் வீதம் தெரிந்தால், அளந்த வெப்பநிலையிலிருந்து இறந்த நேரத்தைப் பின்னோக்கிக் கணிக்கலாம். ஆனால் இம்முறையில் பல இடர்ப்பாடுகள் உள்ளன.

முதலாவதாக, இறந்தவுடன் உடல் குளிரத் தொடங்குவதில்லை. சிறிது நேரம் வெப்பநிலை ஏறத்தாழ மாறாமல் இருக்கும். இரண்டாவதாக, உடல் பருமன், உடை, காற்றோட்டம் ஆகியவற்றுக்கு ஏற்பக் குளிரும் வீதம் மாறுபடும். மூன்றாவதாக, கொழும்பு போன்ற வெப்பமான இடங்களில் உடலுக்கும் சுற்றுப்புறத்துக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு குறைவு. ஆகவே உடல் மெதுவாகவே குளிர்கிறது. எடுத்துக்காட்டாக, உடல் மணிக்கு அரைப் பாகை வீதம் குளிர்வதாகக் கொண்டால், தொடக்க வெப்பநிலையை அரைப் பாகை தவறாக ஊகித்தாலும் கணிப்பு ஒரு மணி நேரம் பிழைபடும். குளிர் நாடுகளில் பெறப்பட்ட அளவுகளை இங்கு அப்படியே பயன்படுத்த இயலாது.

இக்குறையைப் போக்கும் வகையில் டி சேரம், வெப்சிட்டர், கதிர்காமத்தம்பி ஆகியோர் இலங்கையில் தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்கள் குளிரும் வீதத்தை அளந்தனர். தூக்கிலிடப்பட்டவர்கள் இறந்த நேரம் துல்லியமாகத் தெரியும் என்பதே இந்த ஆய்வின் சிறப்பு. 1955இல் வெளியான இவ்வாய்வு, பின்னாளைய சட்ட மருத்துவ நூல்களிலும் எடுத்தாளப்படுகிறது.

இடம் பற்றிய சான்று

கொலை மாடிப் படுக்கையறையில் நடந்தது என்றும், உடல் பின்னர் கீழே கொண்டுவரப்பட்டது என்றும் வில்லியம் கூறினார். இறந்தவரின் உள்ளங்கால்களில் அழுக்குப் படிந்திருந்ததைச் சிமித் சுட்டிக்காட்டினார். அவர் வெறுங்காலுடன் சமையலறைத் தரையில் நின்றிருந்தபோதே தாக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது சிமித்தின் கருத்து. வில்லியத்தின் உடலில் காணப்பட்ட கீறல்களும் விசாரணையில் ஆராயப்பட்டன.

தீர்ப்பும் முக்கியத்துவமும்

யூரர் சதாசிவம் குற்றவாளி அல்ல என ஒருமனதாக முடிவு செய்தனர். சதாசிவம் பின்னர் சிங்கப்பூர், மலாயா அணிகளுக்கும் தலைவராக விளையாடினார். இக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

சிமித் 1959இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இவ்வழக்கை விரிவாக எழுதியுள்ளார். ரவீந்திர பெர்னாண்டோவும் இதைப் பற்றித் தனி நூல் எழுதியுள்ளார்.

உடல் வெப்பநிலை கொலையாளி யார் என்று நேரடியாகக் கூறுவதில்லை. இறப்பு எந்த நேர இடைவெளிக்குள் நிகழ்ந்திருக்கலாம் என்பதை மட்டுமே காட்டுகிறது. எனினும், உயிர்பிழைக்கும் நோக்கம் இருக்கக்கூடிய ஒரு சாட்சியின் கூற்றைச் சோதித்துப் பார்க்க அந்த இடைவெளியே உரைகல்லாக அமைந்தது.