வர்க்கலா போகிறீர்களா? பத்து நாள் முன்பே தயாராகுங்கள்!

"டாக்டர், ஆடி அமாவாசைக்கு வர்க்கலா போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கணும். அப்படியே பசங்களுக்குக் கடலையும் காட்டிட்டு வரலாம்னு இருக்கோம். அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் வலி. கூட்டிட்டுப் போகலாமா?"

இப்படிக் கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் உடம்பைத் தயார் பண்ணிக்கொண்டு போகணும்.

திருவனந்தபுரத்துக்கு வடக்கே, ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். செம்மண் பாறை மேடு செங்குத்தாகக் கடலில் இறங்கும் அழகான ஊர். குன்றின்மேல் பழமையான ஜனார்த்தன சுவாமி கோயில், கீழே பாபநாசம் கடற்கரை. ஊருக்குள் சிவகிரி. நாராயண குரு 1928-ல் சமாதியான இடம். ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் மஞ்சள் உடுத்திய பக்தர்கள் அங்கே திரளுவார்கள்.

அந்த யாத்திரைக்கு குரு விதித்த விரதம் பத்தே நாள்தான். உடல், உணவு, மனம், வாக்கு, செயல் என ஐந்தும் சுத்தமாக இருக்கணும். பட்டுத்துணி வாங்கிச் செலவழிக்க வேண்டாம், வெள்ளைத்துணியை மஞ்சளில் நனைத்தாலே போதும் என்றார். ஒரு வைத்தியனாக எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

நீங்கள் எந்த மாதம் போனாலும் அந்தப் பத்து நாளைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தினமும் காலையில் அரை மணி நேரம் நடை. நாலைந்து படியாவது ஏறி இறங்கிப் பழகுங்கள். கோயிலுக்கும் படி, கடற்கரைக்கும் படி. முழங்கால் வலி உள்ளவர்கள் இரவில் உளுந்துத் தைலத்தை லேசாகச் சுடவைத்துத் தடவலாம். ராத்திரிச் சாப்பாடு இட்லி, இடியாப்பம், கஞ்சி என்று எளிதாக இருக்கட்டும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ பயணத்தைத் தள்ளிப்போட்டு டாக்டரைப் பாருங்கள்.

தர்ப்பணம் முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் பெரியவர்கள் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் இப்படிப் பட்டினி கிடந்தால் திடீரென்று சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். எப்போது சாப்பிடுவது, மருந்தை எப்படி மாற்றுவது என்று உங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கையில் கொஞ்சம் வெல்லமோ, சர்க்கரையோ இருக்கட்டும். பித்ருக்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்!

ஆடி மாதம் அங்கே பருவமழைக் காலம். கடல் கொந்தளிக்கும். கரையிலேயே நின்று தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் போதும். குழந்தைகளின் கையை விடாதீர்கள். பாறை மேட்டின் விளிம்பு மழையில் சரியக்கூடியது. போட்டோ எடுக்க ஓரத்துக்குப் போகவே கூடாது. மேட்டுக்கு நேர் அடியிலும் உட்காராதீர்கள்.

பாறையிலிருந்து கசியும் ஊற்று நீரை மருந்து என்று பாட்டிலில் பிடிப்பவர்கள் உண்டு. காலை நனைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. குடிப்பதற்குச் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த நீரே நல்லது. மழையில் நனைந்தால் உடனே துணி மாற்றி, சூடாக ஒரு டம்ளர் சுக்குமல்லிக் காபி குடியுங்கள்.

தரிசனத்தைப் போலவே, பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் சௌக்கியமாக வீடு திரும்புவதும் புண்ணியம்தானே!