மலையிறக்கத்தில் பெட்ரோலைக் குடிப்பது கியரா, நியூட்ரலா?

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்குள் ஒரு கார் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் இறங்கிவிடுகிறது. 'வண்டிதான் தானாக உருளுகிறதே, கியர் எதற்கு?' என்று நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு இறங்குபவர்கள் இன்றும் உண்டு. இரண்டாம் கியரில் இறங்கினால் இன்ஜின் உறுமும். ஆர்பிஎம் முள் 3,000-ஐத் தாண்டும். இவ்வளவு சத்தத்துக்குப் பெட்ரோலும் அதே அளவு செலவாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால், இன்றைய கார்களில் நடப்பது நேர்மாறு. இன்ஜின் சூடேறி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்திருந்தால், அந்த உறுமலின்போது பெட்ரோல் செலவு பூஜ்யம். சத்தமில்லாமல் நியூட்ரலில் உருளும் கார்தான் குடித்துக்கொண்டே இறங்குகிறது.

கணினி மூடும் குழாய்

நியூட்ரலில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இல்லை. அணைந்துவிடாமல் இருக்க இன்ஜின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ள வேண்டும். ஐட்லிங் எனப்படும் இந்த நிலையில் சிறிய பெட்ரோல் கார் மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை எரிக்கும். ஏசி ஓடினால் இன்னும் கூடும்.

கியரில் இருக்கும்போது இன்ஜினைச் சுழற்றும் வேலையைச் சக்கரங்களே பார்த்துக்கொள்கின்றன. இசியு எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி இதைக் கவனிக்கிறது. ஆக்சிலரேட்டர் அழுத்தப்படவில்லை, இன்ஜினோ ஐட்லிங்கைவிட வேகமாகச் சுழல்கிறது என்றால், இன்ஜெக்டர்களை அது மூடிவிடும். வேகம் குறைந்து ஆர்பிஎம் 1,000-ஐ ஒட்டி வரும்போது, இன்ஜின் அணைந்துவிடாதபடி மீண்டும் திறக்கும். எந்த ஆர்பிஎம்மில் மூடித் திறப்பது என்பது காருக்குக் கார் மாறுபடும். உடனடி மைலேஜ் காட்டும் திரை உங்கள் காரில் இருந்தால் இறக்கத்தில் கவனியுங்கள். எண் உச்சத்துக்குப் போய் நிற்கும்.

நியூட்ரல் பழக்கம் கார்புரேட்டர் காலத்து மிச்சம். அம்பாசடர், பத்மினி போன்ற கார்களில் காலை எடுத்தாலும், உறிஞ்சப்படும் காற்றோடு சிறிது பெட்ரோலும் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. இன்ஜின் வேகமாகச் சுழன்றால் அந்தக் கசிவும் கூடும். அன்று நியூட்ரலில் மிச்சம் பிடித்தவர்களின் கணக்கில் நியாயம் இருந்தது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு, புதிய மோட்டார் சைக்கிள்களிலும் பெரும்பாலானவை இன்ஜெக்டருக்கு மாறிவிட்டன. கணக்கும் மாற வேண்டும்.

வேகத்தைப் பிடித்து நிறுத்துவது எது?

எரிபொருளே இல்லாத இன்ஜின் காரை எப்படித் தடுக்கிறது? காலை எடுத்ததும் காற்று நுழையும் வழியிலுள்ள த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். முனையை விரலால் அடைத்துக்கொண்டு ஊசிக் குழலின் தண்டை இழுத்துப் பாருங்கள்; பிஸ்டன்கள் படும் பாடு புரியும். அந்த இழுபறியும் உள் உராய்வும் சேர்ந்ததுதான் இன்ஜின் பிரேக்கிங். பொதுவாக டீசல் இன்ஜின்களில் இப்படிக் காற்றை அடைப்பதில்லை என்பதால் இந்தத் தடை குறைவு. எனவேதான் லாரி, பேருந்துகளில் புகைக் குழாயை அடைத்துத் தடை உண்டாக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள்.

ஆற்றல் கணக்கையும் போட்டுவிடலாம். 1,000 கிலோ கார் 1,900 மீட்டர் இறங்கும்போது சுமார் 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றலை எங்காவது கொட்டியாக வேண்டும். நியூட்ரலில் இறங்கினால் அதில் பெரும்பங்கு பிரேக்கில் வெப்பமாகிறது. டாட்-3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர அளவுகோல். ஈரம் ஏறிய பழைய ஆயில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குழாயில் ஆவி சேர்ந்து, மிதித்தும் பிரேக் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் பழைய பாடம். அதில் உயிரும் பெட்ரோலும் சேர்ந்தே மிஞ்சுகின்றன.

எப்போது மிச்சம் இல்லை?

இன்ஜின் பிரேக்கிங் ஆற்றலைச் சேமிப்பதில்லை; பிரேக்கைப் போலவே அதுவும் வீணாக்குகிறது. இறக்கத்தில் கிடைப்பதன் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்புவது பெரும்பாலும் மின்சார, ஹைபிரிட் கார்களே. ஆகவே, வேகத்தைக் குறைத்தே தீர வேண்டிய இடத்தில்தான் இந்த முறையால் லாபம். லேசான சரிவில் தாழ்ந்த கியரைப் போட்டு வண்டியை இழுத்துப் பிடித்து, பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்து வேகத்தை மீட்டால் மிஞ்சியது போய்விடும். அங்கே உயர்ந்த கியரில் ஓடவிடுவதே நல்லது. அப்படிப்பட்ட சரிவில் இன்ஜின் தடையில்லாமல் உருளும் கார் கூடுதல் தூரம் போகும் என்பதால், சில ஆட்டோமேட்டிக் கார்கள் தாமே இணைப்பை விடுவித்துக்கொள்கின்றன. அதைக் கணினியிடம் விட்டுவிடுங்கள். கையால் செய்ய வேண்டாம்.

சமவெளியிலும் இந்த உத்தி பயன்படும். தொலைவில் சிவப்பு விளக்கைக் கண்டதும் கியரை மாற்றாமல் காலை எடுத்துவிடுங்கள். நிற்கப்போகும் கடைசி நேரத்தில் கிளட்சை மிதித்தால் போதும். மலையிறக்கத்திலோ சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கும் விபரீதம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஸ்டியரிங் இறுகும்; இரண்டு மூன்று மிதிகளுக்குப் பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும்.