உங்களுக்குத் தெரியுமா? கிணற்றுக்குக் காவல் 3,700 பேர்!

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவித்த கையோடு பேருந்து ஏறிவிடுகிறவர்கள் தவறவிடுவது அங்குள்ள ஸ்வஸ்திகக் கிணற்றை. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800இல், கம்பன் அரையன் என்பவர் வெட்டுவித்தது. மன்னனின் பட்டப்பெயரால் ‘மாற்பிடுகு பெருங்கிணறு’ என்று கல்வெட்டு இதைக் குறிக்கிறது. நான்கு பக்கமும் படித்துறைகள். ஒவ்வொன்றும் பாதி வழியில் மடங்கித் திரும்புவதால், ஒரு துறையில் இறங்குபவர் அடுத்த துறையில் நிற்பவரைப் பார்க்க முடியாது. ஊரார் இதை மாமியார் மருமகள் கிணறு என்பார்கள்.

கட்டட அழகைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது கல்வெட்டில் உள்ள ஒரு செய்தி. கிணற்றைக் காக்க வேண்டியவர்கள் இவ்வூர் மூவாயிரத்தெழுநூற்றுவர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். சிபிச் சக்கரவர்த்தி இவ்வூருக்கு அழைத்து வந்த 3,700 பேரில் ஒருவர் குறைந்தபோது, பெருமாளே ஒருவராக வந்து எண்ணிக்கையை நிறைத்தார் என்கிறது தலபுராணம். அந்தக் கணக்குப்படி கிணற்றுக் காவலில் பெருமாளும் ஒருவர்!

*

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்குப் பெயர் பெற்றவை. அப்படித் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. நீரைக் காப்பவரையும் கண்காணிக்க வேண்டும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

*

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1974இல். தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால், எந்த மாநிலம் ஏற்கிறதோ அங்குதான் அது செல்லும். முதலில் ஏற்ற மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. அதை அமல்படுத்தும் நமது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிறந்தது 1982 பிப்ரவரி 27 அன்று. இடையில் போன எட்டு ஆண்டுகளை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

*

கோடையில் கொள்ளிடம் வெறும் மணலாகக் கிடக்கும்போது, ‘தண்ணீரே இல்லையே, இங்கே கொட்டினால் என்ன?’ என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த 1974ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. தற்போதைக்கு வறண்டு கிடக்கும் நீர்வழியும், மண்ணுக்கு அடியில் உள்ள நீரும் அதன் பார்வையில் நீரோடைதான். நச்சுப் பொருளையோ கழிவையோ தெரிந்தே அதில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை. கிணறும் அப்படியே.

வறண்ட ஆற்றையும் காக்கக் காரணம் இருக்கிறது. காவிரி, கொள்ளிடப் படுகைகளில் மணலுக்குள் இறக்கிய நீர்சேகரிப்புக் கிணறுகளிலிருந்துதான் திருச்சி மாநகரம் குடிக்கிறது. அந்த மணல்தான் முதல் வடிகட்டி. ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் இங்கிருந்தே தண்ணீர் போகிறது. முத்தரசநல்லூர்ப் பக்கம் ஆற்றில் கலக்கும் அழுக்கு, எங்கோ ராமநாதபுரத்துக் குடத்துக்கும் போகக்கூடும்.

*

காவிரியிலிருந்தும் அதன் துணையாறுகளிலிருந்தும் 5 கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழிற்சாலைகளைப் புதிதாகத் தொடங்கத் தடை விதித்தது 1998ஆம் ஆண்டின் தமிழக அரசாணை. பாலாறு, வைகை, தாமிரபரணிக்கும் அதே பாதுகாப்பு.

*

‘கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்ற உதவியது, நம் வேலூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் மீதான வழக்கு. பாலாற்றங்கரையின் கிணறுகளும் வயல்களும் பாழானதைக் கண்டு உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. இன்று நாடெங்கும் மேற்கோள் காட்டும் அந்தத் தீர்ப்புக்கு விலை கொடுத்தவர்கள் பாலாற்று விவசாயிகள்.

*

பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் காலத்தது. திருச்சி நகருக்குள் நுழைந்ததும் வீட்டுச் சாக்கடை அதில் கலக்கிறது. வயலுக்கு வெட்டிய வாய்க்காலைச் சாக்கடையாக்குவதை ஏற்கவே முடியாது. தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட உத்தரவு உண்டு, வீட்டுக் குழாய்க்கு? பாதாளச் சாக்கடை இணைப்பும், செப்டிக் டேங்க் லாரி கண்ட இடத்தில் கொட்டாதபடி கண்காணிப்பும்தான் வழி. லாரிக் கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று தமிழக அரசு 2014இலேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டுவிட்டது.

*

குடிநீரில் 100 மில்லிக்கு ஒரு ஈ.கோலை கிருமிகூட இருக்கக் கூடாது; நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இதை ஊரிலேயே பார்த்துச் சொல்ல, ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி தர வேண்டும். உங்கள் ஊரின் ஐவர் யார்? தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22ஐ ஒட்டியும் கிராம சபை கூடுகிறது. பரிசோதனை முடிவை அங்கே வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.