பாட்டில் நம்பர் 1 இடம் பிடித்த கிதார் வாலிபர், பொம்மை ரயிலுக்கு மியூசிக் போட்ட கதை

நீல கலர் என்ஜின். முன்பக்கம் வட்டமாக ஒரு முகம். உருட்டி உருட்டி விழிக்கும் கண்ணு. 'தாமஸ்' என்றால் பொடிசுகளுக்கு உடனே தெரியும். பொம்மைக் கடை வாசலில் இதைக் கேட்டு பிள்ளை அடம்பிடித்தால் அன்றைய கூலியில் பாதி போச்சு என்று அர்த்தம்.

இந்த தாமஸ் முதன்முதலில் டி.வி.யில் ஓடியபோது கூடவே துள்ளலாக ஒரு மியூசிக்கும் ஓடியது. அதைப் போட்ட 2 பேரில் ஒருவர், பிரிட்டனில் நம்பர் 1 இடம் பிடித்த பாப் குழுவின் கிதார் கலைஞர் ஜூனியர் கேம்பல். ஊரே கொண்டாடிய வாலிபர் பொம்மை ரயில் பக்கம் வந்தது எப்படி? அதன் விவரம் வருமாறு:-

ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரில் 1947-ல் பிறந்தவர் கேம்பல். கப்பல் கட்டும் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் அது. 1961-ல் 14 வயசிலேயே நண்பரோடு சேர்ந்து இசைக்குழு தொடங்கிவிட்டார். பெயர் மாறி மாறி கடைசியில் 'மார்மலேட்' என்று ஆனது. ஆரஞ்சுப்பழ ஜாமுக்கு அங்கே அதுதான் பெயர்.

பீட்டில்ஸ் குழுவின் 'ஓப்லடி ஓப்லடா' பாட்டை இவர்கள் பாடி வெளியிட, 1969 ஜனவரியில் அது பிரிட்டனில் முதல் இடத்தைப் பிடித்தது. ஸ்காட்லாந்து குழு ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஆனால் பாட்டு அடுத்தவங்க பாட்டு. அந்தக் குறையும் அதே வருஷம் தீர்ந்தது. 'ரிப்ளெக்சன்ஸ் ஆப் மை லைப்' என்ற பாட்டை கேம்பலும் பாடகர் டீன் போர்டும் சேர்ந்து உருவாக்கினார்கள். அது அமெரிக்கா வரை போய் ஹிட் அடித்தது.

ரிவர்ஸ் கிதார்

அந்தப் பாட்டின் நடுவே வரும் கிதார்தான் விசேஷம். கேம்பல் என்ன செய்தார் தெரியுமா? பாட்டு பதிவான டேப்பை பின்பக்கமாக ஓடவிட்டு, அதற்கு மேல் வாசித்தார். பிறகு டேப்பை நேராக ஓட்டினால் கிதார் மட்டும் தலைகீழாகக் கேட்கும். சாதாரணமாக கம்பியைத் தட்டினால் 'டங்' என்று வந்து அப்புறம் தேயும். இதில் தேய்ந்த சத்தம் வளர்ந்து வந்து பட்டென்று நின்றுவிடும். இன்றைக்கு கம்ப்யூட்டரில் ஒரே நொடி வேலை. அன்றைக்கு எந்த இடத்தில் எந்த சுரம் வரும் என்று பின்னாலிருந்து மனக்கணக்கு போடணும்.

குழு நல்லா ஓடிக்கொண்டிருந்தபோதே, 1971-ல் கேம்பல் விலகினார். ஓடுகிற பஸ்சிலிருந்து குதித்த மாதிரிதான். காரணம் சண்டை அல்ல. தனியாகப் பாட வேண்டும், வயலின், டிரம்பெட் என்று பெரிய வாத்தியக் குழுவுக்கு இசை எழுதும் வித்தையை முறைப்படி படிக்க வேண்டும் என்று ஆசை. 1972, 1973-ல் தனியாகப் பாடிய பாட்டுகளும் ஹிட் ஆயின. ஆனால் கடைசிவரை சோறு போட்டது படித்த படிப்பு.

வாய் அசையாத என்ஜின்

ஆட்ரி என்ற பாதிரியார், அம்மை போட்டுப் படுத்திருந்த மகனுக்குச் சொன்ன ரயில் கதைகள் 1945 முதல் புத்தகமாக வந்தன. பிரிட் ஆல்கிராப்ட் என்ற பெண் தயாரிப்பாளர் அவற்றை டி.வி. தொடராக்கினார். 1984-ல் ஒளிபரப்பு தொடங்கியது. இசை கேம்பலும் மைக் ஓடோனலும்.

இங்கேதான் சிக்கல். ஓடியது எல்லாம் மாடல் ரயில். கண்ணு உருளும், வாய் அசையாது. கோபம் வந்தால் கோப முகம், அழுகை வந்தால் அழுகை முகம் என்று கழற்றி மாட்டினார்கள். கதை சொல்வதும் ஒரே குரல்தான். அப்போ நடிப்பு எங்கிருந்து வரும்? மியூசிக்கில் இருந்துதான் வரணும்.

அதனால் ஒவ்வொரு என்ஜினுக்கும் தனி ட்யூன் போட்டார்கள். தலைக்கனம் பிடித்த கார்டனுக்கு ராஜா வருகிற மாதிரி. குட்டி என்ஜின் பெர்சிக்கு விளையாட்டுத்தனமாக. சூழ்ச்சிக்கார டீசலுக்கு பதுங்கிப் பதுங்கி. என்ஜின் சோகமானால் அதே ட்யூன் மெதுவாகும், அவசரமாகப் போனால் வேகம் பிடிக்கும். படிக்கத் தெரியாத 3 வயசுக் குழந்தைக்கும் யார் வருகிறார் என்று காது சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால் பழைய தாமஸ் படத்தைப் போட்டு சத்தத்தை அமுக்கிப் பாருங்கள். பொம்மை நகரும், அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. முதல் 2 தொடர்களுக்கு கதை சொன்ன குரல் பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டாருடையது. யார் குழுவின் பாட்டால் கேம்பல் முதலிடம் போனாரோ, அவர் குரலுக்குப் பின்னாலேயே கேம்பலின் மியூசிக் ஓடியது.

19 வருஷம் இந்த வேலை நடந்தது. கம்பெனி கை மாறியது. 2003-ல் வந்த தொடரோடு கேம்பல்-ஓடோனல் இசை முடிந்தது. 2004-ல் புது ஆட்கள், புது ட்யூன். முதல் தொடரைப் பார்த்த பொடிசுகளுக்கு இப்போது 40 வயசு தாண்டியாச்சு.