நனைஞ்ச ஆல்பத்தை வெயில்ல வைக்காதீங்க

போன எபிசோட்ல பேக்கப் பத்திப் பேசினோம். ஹார்ட் டிஸ்க், கிளவுட், எத்தனை காப்பி வச்சுக்கணும்னு எல்லாம் சொன்னேன். ரெக்கார்ட் பண்ணி முடிச்சதும் எனக்கே ஒரு உறுத்தல். எங்க குடும்பத்துல தொலைஞ்ச எதுவும் ஹார்ட் டிஸ்க்ல இருந்ததே இல்லை. எல்லாம் ஒரு ட்ரங்குப் பெட்டியில இருந்துச்சு. இன்னைக்கு அதைப் பத்திப் பேசலாம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. எங்க அப்பாயி வீடு வேதாரண்யம் பக்கம், ஓட்டு வீடு. நான் அப்போ இன்ஜினியரிங் கடைசி வருஷம், ஹாஸ்டல்ல இருந்தேன். அப்பாயியை முந்தின நாள் சாயங்காலமே பள்ளிக்கூடத்து முகாமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அதனால உயிருக்கு ஒண்ணும் ஆகலை. விடிஞ்சு வந்து பார்த்தா ஓடு மொத்தமும் போயிருக்கு, ஒரு பக்கச் சுவர் சாஞ்சிருக்கு. பெட்டிக்குள்ள கல்யாணப் புடவை, பத்திரம், போட்டோ ஆல்பம் எல்லாம் ஊறிக் கிடக்கு.

வெயில் வந்ததும் அப்பாயி ஆல்பத்தை வாசல்ல விரிச்சு வச்சாங்க. நீங்களோ நானோ அங்க இருந்திருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்போம். நல்லா மொறுமொறுன்னு காஞ்சிருச்சு. பிரிச்சுப் பார்த்தா, முகமெல்லாம் மேல மூடியிருந்த பிளாஸ்டிக் தாளோட ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. கையில மிஞ்சினது வெள்ளைத் தாள். தாத்தா நான் பிறக்குறதுக்கு முன்னாடியே இறந்துட்டார். அவருக்கு இருந்ததே மூணு போட்டோதான். மூணும் அதுக்குள்ளதான் இருந்துச்சு.

புயல் அடிச்சுத்தான் அந்தப் போட்டோ எல்லாம் போச்சுன்னு நான் ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன். பெட்டியைத் திறந்தப்போ அதுல பலது இன்னும் உயிரோட இருந்திருக்கும்னு பின்னாடி படிச்சப்போதான் தெரிஞ்சுது. அதுக்குக் காரணம் சொல்லணும்னா, வீடு எப்படிப் போகுதுங்கறதுல இருந்து ஆரம்பிக்கணும். அதுக்கு நான் எடுத்துக்கிட்ட உதாரணம் அமெரிக்காவோட கத்ரீனா. நாம புயல்னு சொல்றதைத்தான் அட்லாண்டிக் பக்கம் ஹரிக்கேன்னு சொல்றாங்க, சங்கதி ஒண்ணுதான்.

கத்ரீனா 2005 ஆகஸ்ட் 29 அன்னைக்குக் கரையேறுச்சு. கடல்ல இருந்தப்போ அது கேட்டகரி 5, கரைக்கு வந்தப்போ கேட்டகரி 3. பல பேரோட கணக்கு தப்பினது இந்த நம்பர்லதான். கேட்டகரிங்கறது காற்றோட வேகத்தை மட்டும் வச்சுச் சொல்றது, கடல் எவ்வளவு உயரம் ஏறும்னு அது சொல்லாது. மிசிசிப்பி கடற்கரையில 1969-ல கேட்டகரி 5 புயலான கமீல் வந்துச்சு. 'கமீலுக்கே நின்ன வீடு, இதுக்கு என்ன ஆகப்போகுது'ன்னு 2005-ல நிறைய பேர் வீட்டை விட்டுக் கிளம்பலை. ஆனா கத்ரீனா அகலத்துல ரொம்பப் பெரிய புயல். அந்தக் கரையோரக் கடலும் ஆழம் குறைஞ்சது. தள்ளிக்கிட்டு வந்த தண்ணிக்குக் கீழ போக இடம் இல்லாம மேல ஏறுச்சு. பாஸ் கிறிஸ்டியன்கிற ஊர் பக்கம் கடல்மட்டம் சுமார் 28 அடி உயர்ந்துச்சு. நம்ம ரெண்டு மாடி வீட்டு மொட்டை மாடி உயரத்தை நினைச்சுக்குங்க. அங்க பல வீடுகள்ல மிஞ்சினது தரையில ஊத்தின கான்கிரீட் தளம் மட்டும்தான்.

அதே புயல் நியூ ஆர்லியன்ஸ்ல வேற மாதிரி வேலை செஞ்சுது. அங்க கால்வாய்ச் சுவர்களும் கரைகளும் உடைஞ்சு நகரத்துல சுமார் 80 சதவீதம் மூழ்கிருச்சு. நகரத்துல பல பகுதிகள் கடல்மட்டத்துக்குக் கீழ இருக்கு, தண்ணி தானா வடியாது. வாரக்கணக்குல பம்ப் போட்டு வெளியேத்துனாங்க. வீடு நின்ன இடத்துலயே நின்னுச்சு, ஆனா உள்ள இருந்த எல்லாம் சேத்துத் தண்ணியில ஊறி, பூஞ்சை பிடிச்சுப் போச்சு. ரெண்டு மூணு நாள்ல திரும்பிடலாம்னு நாலு துணியோட கிளம்பின குடும்பங்கள் பல வாரம் கழிச்சுத்தான் வீட்டுக் கதவைத் திறந்தாங்க.

அப்படி மூழ்கின வீடுகள்ல ஒண்ணு ஃபேட்ஸ் டாமினோவோடது. 1950-கள்ல ராக் அண்ட் ரோல் இசையில பெரிய பேர் வாங்கின பியானோக் கலைஞர். மனைவிக்கு உடம்பு சரியில்லைங்கறதால வீட்டை விட்டுப் போகலை, கடைசியில படகுலதான் மீட்டாங்க. அவர் இறந்துட்டார்னு வதந்தி பரவி, யாரோ வீட்டுச் சுவத்துலயே அஞ்சலி எழுதி வச்சுட்டாங்க. அவர் வாங்கின தங்க இசைத்தட்டுகள்ல பெரும்பாலானது போச்சு, தேசியக் கலைப் பதக்கமும் போச்சு. 2006-ல அதிபர் ஜார்ஜ் புஷ் நேர்ல வந்து அந்தப் பதக்கத்தை மறுபடி கொடுத்தார். அவரோட வெள்ளை பியானோவைப் பழுது பார்த்து, 2013-ல லூசியானா மாநில அருங்காட்சியகம் காட்சிக்கு வச்சுது.

இதைப் படிச்சப்போ என் இன்ஜினியர் மூளை தொலையுற பொருளை மூணாப் பிரிச்சுது. ஒண்ணு, கொடுத்தவங்களே திருப்பிக் கொடுக்கக்கூடியது: பதக்கம், ரேஷன் கார்டு, மார்க் ஷீட், பத்திர நகல். அலைச்சல் இருக்கும், ஆனா கிடைக்கும். ரெண்டாவது, பழுது பார்க்கக்கூடியது: பியானோ, தையல் மெஷின், மர அலமாரி. மூணாவது, ஒரே ஒரு பிரதி இருக்கறது, நேரமும் கம்மியா இருக்கறது: போட்டோ, கடிதம், கையெழுத்துல இருக்கற சமையல் குறிப்பு. புயல் முடிஞ்சதும் நாம பெரும்பாலும் முதல் வகையைத் தேடித்தான் ஓடுறோம். நிவாரணத்துக்கு அதுதானே கேக்குறாங்க, வேற வழியில்லை. ஆனா மூணாவது வகைக்கு நேரம் ஓடிக்கிட்டே இருக்கு.

ஏன் நேரம்? நாம ஸ்டுடியோவுல பிரிண்ட் போட்ட பழைய போட்டோவுல உருவம் இருக்கறது ஒரு ஜெலட்டின் படலத்துல. ஜெல்லி மிட்டாயில இருக்குமே, அதே ஜெலட்டின். தண்ணி பட்டா அது ஊதி வழவழன்னு ஆகிரும். அந்த நிலையில ஒரு போட்டோவை இன்னொண்ணுல இருந்து மெதுவாப் பிரிக்க முடியும். காஞ்சா ஜெலட்டின் பசை மாதிரி. பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ எதைத் தொட்டுக்கிட்டு இருக்கோ, அதோட கெட்டியாப் பிடிச்சுக்கும். அப்புறம் இழுத்தா உருவம் அந்தப் பக்கம் போயிரும். எங்க வாசல்ல நடந்தது இதுதான். அதுக்காக அப்படியே ஈரத்துல விடவும் முடியாது, நம்ம ஊர்ச் சூட்டுக்கு ரெண்டு நாள்லயே பூஞ்சை வர ஆரம்பிச்சுரும்.

அதனால செய்ய வேண்டியது இது. முதல்ல உங்க பாதுகாப்பு: சுவர் நிக்குமா, கரண்ட் கம்பி கிடக்குதான்னு பார்த்துட்டு, கையுறை போட்டுக்கிட்டு உள்ள போங்க. ஆல்பத்தை இருக்கற நிலையிலயே பக்கம் பக்கமா போன்ல படம் எடுத்துக்குங்க, பிரிக்கும்போது கிழிஞ்சாலும் அந்தப் படமாவது மிஞ்சும். அப்புறம் போட்டோக்களை சுத்தமான குளிர்ந்த தண்ணியில போட்டு, ஒவ்வொண்ணா மெதுவாப் பிரிங்க. உருவம் இருக்கற பக்கத்தை விரலாலயோ துணியாலயோ தேய்க்கவே கூடாது. தண்ணி கலங்கினா மாத்துங்க. பிரிச்சதை நிழல்ல, உருவம் மேல பார்க்க, ஒண்ணோட ஒண்ணு படாம பரப்புங்க. கொடியில ஓரத்துல கிளிப் போட்டும் தொங்கவிடலாம். கண்ணாடி ஃபிரேம்ல ஒட்டியிருந்தா காய்றதுக்கு முன்னாடி, ஈரத்தோட தண்ணிக்குள்ள வச்சுத்தான் எடுக்கணும். வராட்டி வம்பு பண்ணாதீங்க, கண்ணாடியோட சேர்த்துப் படம் எடுத்துட்டு விட்டுருங்க. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்ல எடுத்ததை மட்டும் தண்ணியில போடாதீங்க, மை கரைஞ்சு ஓடிரும்.

ரெண்டு நாளுக்குள்ள முடிக்க முடியாட்டி, நடுநடுவுல பட்டர் பேப்பர் வச்சு, கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வச்சுரலாம். பூஞ்சை நின்னுரும், ஆற அமரப் பிரிச்சுக்கலாம். புயல் அடிச்ச ஊர்ல ஏதுடா கரண்ட்னு கேப்பீங்க. நியாயம்தான். கஜாவுக்கு அப்புறம் எங்க ஊர் பல நாள் இருட்டுலதான் கிடந்துச்சு. வெளியூர்ச் சொந்தக்காரங்க யாராவது வண்டியில வந்தா, திரும்பிப் போகும்போது கொடுத்து விடுங்க. அதுவும் முடியாட்டி, ஒரு வாளி நல்ல தண்ணியும் கொஞ்சம் நிழலும் போதும்.

புயல் வர்றதுக்கு முன்னாடின்னா வேலை இன்னும் சுலபம். பரண்ல வச்சா காத்து கூரையோட எடுத்துக்கும், கட்டிலுக்கு அடியில வச்சா தண்ணி எடுத்துக்கும். அதனால வீட்டுக்குள்ள பத்திரமான இடம்னு ஒண்ணைத் தேடாதீங்க. இன்னைக்கே போன்ல படம் எடுத்து, வேற ஊர்ல இருக்கற ரெண்டு பேருக்கு அனுப்பி வைங்க. போன எபிசோட்ல நான் சொன்ன பேக்கப் விதியும் இதேதான்: எல்லாக் காப்பியும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அந்த ஆல்பத்தை அப்பாயி இன்னும் தூக்கிப் போடலை. ஒரு கல்யாண குரூப் போட்டோவுல மேல் பாதி வெள்ளையாக் கிடக்கு, கீழ் பாதி மட்டும் மிஞ்சியிருக்கு: புடவைக் கொசுவம், வேட்டிக் கரை, பதினோரு ஜோடி கால். அப்பாயி விரலை வச்சு ஒவ்வொரு காலாச் சொன்னாங்க. "இது எங்கண்ணன். இது ஒங்க பெரிய அத்தை, செருப்பு அறுந்து போயி வெறுங்காலோட நிக்கிறா பாரு. இது ஒங்க தாத்தா. வேட்டிய எப்பவும் ஒரு விரக்கடை ஏத்தித்தான் கட்டுவாக." போனை ஆன் பண்ணி வச்சேன், நாப்பது நிமிஷம் பேசினாங்க. தாத்தா எப்படி வேட்டி கட்டுவார்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

உங்க வீட்லயும் ஆல்பம் இருக்கும், அதுல யார் யாருன்னு தெரிஞ்ச ஒருத்தங்களும் இருப்பாங்க. இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டையும் ஒண்ணா உக்கார வச்சு ரெக்கார்ட் பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.