வண்டி மிஸ் ஆகுதா? பார்ட்ஸ் மாற்றும் முன் இதைக் கவனியுங்கள்

நன்றாக ஓடும் பைக் திடீரென ஒரு நொடி திக்கும். அடுத்த நொடியே ஒன்றும் நடக்காதது போல ஓடும். மெக்கானிக்கிடம் நிறுத்தினால் ஒழுங்காக இருக்கும். அப்புறம் பிளக், காயில், சிடிஐ என ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். பணம் போகும், கோளாறு போகாது.

"போகப் போகப் பார்த்துக்கலாம்" என்று இதை விட்டுவிடாதீர்கள். லாரியை முந்தும்போது இழுவை அறுந்தால் உயிருக்கே ஆபத்து. எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறுவதால், புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறாமல் போகலாம். சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

பெட்ரோலா, கரண்டா?

பெட்ரோல் சரியாக வராவிட்டால் பெரும்பாலும் இழுவை மெல்ல மெல்லக் குறையும். கரண்ட் விட்டுப்போனால் சுவிட்சை அணைத்தது போல 'டக்'கென்று அறும்.

எப்போது மிஸ் ஆகிறது?

ஒரு வாரம் கவனித்து எழுதி வையுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

* மழையில், அல்லது வண்டி கழுவியதும்: பிளக் கேப்பிலோ, அதற்கு வரும் தடித்த ஒயரிலோ வெடிப்பு இருக்கலாம். ஈரம் பட்டால் கரண்ட் அந்த வழியாக எஞ்சின் பாடிக்குப் பாய்ந்துவிடும்.
* பள்ளம், ஸ்பீடு பிரேக்கரில்: பேட்டரி டெர்மினல், ஃபியூஸ், எர்த் ஒயர், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச் இவற்றில் ஏதோ ஒன்று லூஸ்.
* ஹேண்டிலைத் திருப்பும்போது: கழுத்துப் பகுதியில் ஒயர் உராய்ந்து அறுந்திருக்கலாம். வண்டி நிற்கும்போதே, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இருபுறமும் திருப்பிப் பாருங்கள்.
* சூடானதும் நின்று, ஆறியதும் ஓடினால்: காயில் அல்லது பல்சர் காயில் மீது சந்தேகம். ஆறிய நிலையில் மீட்டர் வைத்தால் சரியாகவே காட்டும்; சூடாக இருக்கும்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்களே செய்யக்கூடியவை

சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் ஆறிய பிறகு தொடங்குங்கள். பேட்டரி டெர்மினலைச் சுத்தம் செய்து முடுக்குங்கள். பிளக் கேப் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பிளக்கைக் கழற்றினால் முனையின் நிறத்தைக் கவனியுங்கள்: இளம் பழுப்பு நல்லது, கரி படிந்தோ, ஈரமாகவோ, வெள்ளை பீங்கானில் கீறலோ இருந்தால் மாற்றுங்கள். வண்டியின் கையேட்டில் உள்ள அதே எண் பிளக்கையே வாங்குங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் ரெசிஸ்டர் இல்லாத பிளக்கைப் போட்டால் அதுவே புதுக் கோளாறைக் கொண்டுவரலாம். எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயரைத் தொடவே கூடாது. அதில் பாய்வது ஆயிரக்கணக்கான வோல்ட்.

மெக்கானிக்கிடம் போகும்போது

"மிஸ் ஆகுது, பாருங்கண்ணே" என்பதோடு நிறுத்தாமல், "இருபது நிமிஷம் ஓடினதும் அறுந்துடுது, பத்து நிமிஷம் நிறுத்தினா சரியாகிடுது" என்று சொல்லுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் எஞ்சின் விளக்கு எரிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கோளாறுக் குறியீட்டைப் படித்துப் பார்ப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். வாரண்டி இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். மாற்றிய பழைய பார்ட்ஸையும் பில்லையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். காசு வாங்கியும் சரியாகச் செய்து தராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். அப்போது அந்த பில்தான் உங்கள் ஆதாரம்.