பாட்டுக்கும் குண்டர் சட்டம்: யாருடைய கோபம் ‘பொதுமக்கள் கோபம்’?

ஏற்காட்டில் எனக்குத் தெரிந்த ஒருவர் செல்போன் கடை வைத்திருந்தார். ரீசார்ஜை விட, மெமரி கார்டில் பாட்டு ஏத்தித் தருவதில்தான் அவர் பிழைப்பு ஓடியது. காப்பித் தோட்டக் கூலிகளும் சேர்வராயன் மலைக் கிராமங்களின் மலையாளிப் பழங்குடி இளைஞர்களும் சந்தைக்கு வந்தால் அங்கே நிற்பார்கள். சிக்னல் எட்டாத ஊர்களுக்குப் பாட்டு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் கம்ப்யூட்டரை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். “வேணாம் சார், குண்டாஸ்ல போட்டுருவாங்களாம்” என்றார். பாட்டுக்குப் போயி குண்டாஸா என்று சிரித்துவிட்டேன். சட்டத்தைப் படித்த பிறகு சிரிப்பு வரவில்லை.

1982ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தடுப்புக்காவல் சட்டம் கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் விற்பவர், ‘குண்டர்’ என்று ஒரு பட்டியல் போடுகிறது. 2004இல் இந்தப் பட்டியலில் ‘திருட்டு வீடியோக்காரர்’ சேர்க்கப்பட்டார். படத்தைப் பிரதி எடுப்பவர் மட்டுமல்ல, படத்தின் ஒலித்தடத்தில் ஒரு பகுதியைப் பதிந்த தட்டும் இந்த வரையறைக்குள் வருகிறது. ஆக, சினிமாப் பாட்டு சி.டி.யும் உள்ளே. (நம் பக்கங்களில் ‘பிரதி’ என்ற சொல்லை எவ்வளவோ புழங்கிவிட்டோம், ஆளை உள்ளே தள்ளும் பிரதியும் உண்டு.) 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே மூன்றாண்டு வரை சிறை இருக்கிறது. ஆனால் அதற்கு விசாரணை வேண்டும், சாட்சி வேண்டும். குண்டர் சட்டத்துக்கு ஆட்சியரின் அல்லது காவல் ஆணையரின் ஓர் உத்தரவு போதும். ஓராண்டு வரை விசாரணை இல்லாமல் வைத்திருக்கலாம். அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமைகூடக் கிடையாது. பிளாட்பாரத்தில் தட்டு விற்பவன் ‘பொது ஒழுங்கு’க்கு ஆபத்தானவன் என்கிற இந்தச் சொல்லாடலைத் திரையுலகம் வரவேற்றது. அந்தப் பிளாட்பாரத்துக்காரனுக்காக ஓர் ஊர்வலம் போனதாக எனக்கு நினைவில்லை.

கோபம் வந்தது 2012இல். ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் முகம் தெரியாத எதிரிகளுக்கு எதிராக ஒரு தடையுத்தரவு வாங்கப்பட்டது. இணையச் சேவை நிறுவனங்கள் மே மாதத்தில் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுசாகவே மூடின. ஜூன் 9 அன்று சென்னை உட்படப் பல நகரங்களில் இளைஞர்கள் முகமூடி போட்டுத் தெருவுக்கு வந்தார்கள். தளத்தையே முடக்கக் கூடாது, குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் தடுக்கலாம் என்று நீதிமன்றம் அந்த மாதமே தெளிவுபடுத்தியது. வேடிக்கை என்னவென்றால், அதே படத்தின் ‘கொலவெறி’ப் பாட்டு முதலில் இணையத்தில் கசிந்தது, அதன் பிறகுதான் 2011 நவம்பரில் அவர்களே அவசரமாக யூடியூபில் வெளியிட்டார்கள். ஊரெல்லாம் அதை இலவசமாகக் கேட்டதுதான் படத்துக்கே விளம்பரம்.

அந்தக் கோபம் நியாயமானதே, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தளம் மூடப்பட்டால் ‘கருத்துச் சுதந்திரம்’, சி.டி. விற்பவன் பிடிபட்டால் ‘சட்டம் ஒழுங்கு’ என்று நம் பொதுப்புத்தி பிரித்துக்கொண்டதை என்னால் செரிக்க முடியவில்லை. அமெரிக்காவில் 24 பாட்டுகளுக்காக ஒரு பெண் 19.2 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2009இல் ஜூரிகள் சொன்னபோது உலகமே வாயைப் பிளந்தது. அதுகூட வழக்கு நடந்து வந்த தீர்ப்பு, பிறகு குறைக்கவும் பட்டது. இங்கே வழக்கே தேவையில்லை.

“அப்ப இசையமைச்சவன் சோத்துக்கு என்ன பண்ணுவான்?” என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நல்ல கேள்வி. பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் சினிமாப் பாட்டுக்கான ராயல்டியை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று சட்டம் திருத்தப்பட்டதும் அதே 2012இல்தான். அதாவது தட்டு விற்பவனைக் குண்டனாக்கி எட்டு வருஷம் கழித்து. அந்த எட்டு வருஷம் காவல் காக்கப்பட்டது யாருடைய சோறு?

2014இல் ‘சைபர் சட்டக் குற்றவாளி’யும் பட்டியலில் ஏறியாயிற்று. 2004இல் சேர்த்ததை யாரும் எடுக்கவில்லை. ஏற்காட்டு நண்பர் இப்போது சார்ஜரும் போன் கவரும் விற்கிறார். போன மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்த ஒரு பையன், “அண்ணே, பாட்டு ஏத்தித் தர்றீங்களா?” என்று கேட்டான். அவர் முதலில் தெருவைத்தான் பார்த்தார்.